ஆச்சியின் சமையல் நோட்டுக்கு ஸ்டைல் போடுவது எப்படி?

ஆச்சி கைப்பட எழுதிய சமையல் நோட்டை லிப்ரே ஆபிஸ் ரைட்டர் என்ற எழுதும் மென்பொருளில் தட்டச்சு செய்தேன். சொதி, கூட்டாஞ்சோறு, உளுந்தங்களி என்று 40 குறிப்புகள். ஒவ்வொரு தலைப்பையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து போல்ட் போட்டு, அளவை 18 ஆக்கினேன். பாளையங்கோட்டையில் அச்சுக்குக் கொடுத்தபோது, "புக்கு சின்ன சைஸ்லா, தலைப்பை 14 ஆக்கிட்டு வாங்க" என்றார்கள். 40 இடத்திலும் முதலிலிருந்து வேலை. ஸ்டைல் தெரிந்திருந்தால் ஒரே இடத்தில் மாற்றியிருப்பேன்.

எழுதும்போது ஒரு வரி தலைப்பா, பொருள் பட்டியலா, செய்முறையா என்று மட்டும் குறித்தால் போதும். அது எப்படித் தெரிய வேண்டும் என்பது ஸ்டைலின் பொறுப்பு. 1996 டிசம்பரில் வலைக்கான தரநிலையாக வெளிவந்த சிஎஸ்எஸ் என்ற ஸ்டைல் மொழி, வலைப்பக்கங்களுக்குச் செய்வதும் இதைத்தான்.

1. கண்ட்ரோல் ஏ, பிறகு கண்ட்ரோல் எம். கையால் போட்ட அலங்காரமெல்லாம் போய்விடும். பயப்பட வேண்டாம், எழுத்து அப்படியே இருக்கும்.

2. எஃப்11 அழுத்தினால் ஸ்டைல் பட்டியல் திறக்கும். 'சொதி' என்ற வரியில் கர்சரை வைத்து 'ஹெடிங் 1' மேல் இரண்டு முறை சொடுக்குங்கள். மற்ற தலைப்புகளுக்கும் இப்படியே.

3. 'ஹெடிங் 1' மேல் வலது சொடுக்கு, 'எடிட் ஸ்டைல்', அப்புறம் 'ஃபான்ட்'. தமிழில் எழுதுகிறவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். மேலே 'வெஸ்டர்ன்' என்றிருப்பதில் அளவை மாற்றினால் தமிழ் எழுத்து அசையாது. தமிழுக்கு 'காம்ப்ளெக்ஸ்' அல்லது 'சிடிஎல்' என்ற பகுதியில் மாற்ற வேண்டும். அந்தப் பகுதியே காணோமா? டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய், மொழி அமைப்பில் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்பதை டிக் செய்யுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோடு எழுத்துரு ஒன்றைத் தேர்ந்து, அளவு 14 கொடுத்து ஓகே சொல்லுங்கள். 40 தலைப்பும் ஒரே நொடியில் மாறும்!

4. பாசிப்பருப்பு, தேங்காய்ப்பால், இஞ்சி என்று வரும் வரிகளுக்கு 'பொருள்கள்' என்று புது ஸ்டைல் உண்டாக்கிக்கொள்ளுங்கள். செய்முறை வரிகளுக்குப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் 'டெக்ஸ்ட் பாடி' (புதிய பதிப்புகளில் 'பாடி டெக்ஸ்ட்') போதும். இடைவெளிக்கு என்டர் தட்டாதீர்கள். அதையும் ஸ்டைலிலேயே கொடுங்கள்.

5. இன்செர்ட் மெனுவில் பொருளடக்கம் கேட்டால், தலைப்புகளை எடுத்துப் பக்க எண்ணோடு அதுவே தந்துவிடும்.

சரி, கோப்பை வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்து, 'டெக்ஸ்ட் பாடி', 'பொருள்கள்' இரண்டையும் 20 ஆக்கிப் பொருளடக்கத்தைப் புதுப்பித்தேன். ஆச்சி இப்போது கண்ணாடி போடாமல் படிப்பது அந்தப் பிரதியைத்தான்.