தெருக் குழுவில் சண்டை ஓய்ந்த விதம்

தாம்பரம் பக்கம் எங்கள் தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. தண்ணீர் லாரி, மின்தடை, காணாமல்போன பூனை எல்லாம் அதில்தான் வரும். கோடையில் அது போர்க்களமாகிவிட்டது. வாசலை அடைத்து நின்ற காரைப் படமெடுத்து ஒருவர் போட்டார். அந்தக் காருக்குச் சொந்தமான வீட்டு அக்கா, "என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணா, தெருவே பார்க்கும்படியா போடுவது?" என்று எழுதினார். நியாயமான கேள்வி. ஆனால் பேச்சு சாதி வரை போய்விட, பலர் வெளியேறினார்கள்.

அட்மினிடம் பேசி, பல குழுக்களை ஒரே குடையின் கீழ் வைக்கும், 2022-இல் வந்த ‘கம்யூனிட்டி’ வசதிக்கு மாறினோம். அறிவிப்புப் பகுதியில் அட்மின்கள் மட்டுமே அறிவிப்பு போட முடியும். அரட்டைக்குத் தனிக் குழு. சாதி, மதத்தைத் தொட்டு யார் எழுதினாலும் அட்மின் அதை எல்லோருக்கும் சேர்த்தே அழித்துவிடுகிறார். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது என் கருத்து.

மனத்தாங்கலா? செய்தியை அழுத்திப் பிடித்தால் மெனுவில் தனியாகப் பதில் அனுப்பும் வழி இருக்கிறது. காரைப் படமெடுத்தவரும் அப்படித்தான் அக்காவிடம் வருத்தம் தெரிவித்தார். அக்காவின் மகன் இப்போது காரை மைதானத்து ஓரமாக நிறுத்துகிறான். மழைநீர்க் கால்வாயைத் தூர்வாரும் நாளுக்குக் குழுவிலேயே வாக்கெடுப்பு வைத்தோம். வெளியேறியவர்களில் சிலர் திரும்பி வந்து ஓட்டுப் போட்டார்கள்.