ஏலம் எடுக்காமல் சொந்த எல்டிஇ நெட்வொர்க்: சிபிஆர்எஸ் முதல் படிகள்

அமெரிக்காவில் ஒரு கிடங்கு முழுக்கவோ பண்ணை முழுக்கவோ வைஃபை எட்டவில்லையா? சொந்தமாக எல்டிஇ (4ஜி) நெட்வொர்க் போட்டுக்கொள்ளலாம். 3550 முதல் 3700 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிபிஆர்எஸ் அலைக்கற்றையை 2015-இல் அந்நாட்டின் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிசி பகிர்வுக்குத் திறந்துவிட்டது. அதில் முதல் மரியாதை கடற்படை ரேடாருக்கு. அடுத்து, 2020 ஏலத்தில் முன்னுரிமை உரிமம் வாங்கியவர்களுக்கு. மிச்சம் எல்லாருக்கும் பொது. நமக்கு அது போதும்.

படி 1: கருவி

எஃப்சிசி சான்று பெற்ற, பேண்ட் 48-இல் (இந்த அலைக்கற்றைக்கு எல்டிஇ-இல் உள்ள எண்) இயங்கும் ரேடியோ வேண்டும். ஃபோன்களிலும் அதே பேண்ட் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். புதியவர்களுக்கு ‘ஏ’ வகை ரேடியோவே சரி: 10 மெகாஹெர்ட்ஸுக்கு 1 வாட். 50 வாட் வரை போகும் ‘பி’ வகையைச் சான்று பெற்ற நிறுவுநர்தான் பதிவு செய்ய முடியும்.

படி 2: எஸ்ஏஎஸ் கணக்கு

யாருக்கு எந்தச் சேனல் என்று முடிவு செய்யும் சர்வர்தான் எஸ்ஏஎஸ். அலைக்கற்றை இலவசம் என்றாலும், இந்தச் சேவைக்குக் கட்டணம் உண்டு.

படி 3: இருப்பிடம்

அவசரப்படக் கூடாத இடம் இது. ஆன்டெனாவின் இடம் 50 மீட்டருக்குள்ளும், உயரம் 3 மீட்டருக்குள்ளும் சரியாக இருக்க வேண்டும். யார் யாருக்கு இடைஞ்சல் என்று எஸ்ஏஎஸ் போடும் கணக்கு இந்த எண்களை நம்பித்தான். ரேடியோவால் தானே இடத்தைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், ‘ஏ’ வகைக்கும் நிறுவுநர் தேவை.

படி 4: அனுமதி

ரேடியோ முதலில் பதிவு செய்துகொள்ளும், காலி சேனல்களைக் கேட்கும், ஒன்றுக்கு அனுமதி வாங்கும். அனுமதி வந்தவுடன் சிக்னல் வராது, பதற வேண்டாம். அப்புறம் ‘ஹார்ட்பீட்’ என்ற செய்தியை அனுப்பி, அதற்கும் சரி என்று பதில் வந்த பிறகே சிக்னல் அனுப்பத் தொடங்கும். அந்த ஹார்ட்பீட் தொடர்ந்துகொண்டே இருக்க வேண்டும். ரேடார் வந்துவிட்டது, நிறுத்து என்று எஸ்ஏஎஸ் சொன்னால் 60 நொடிக்குள் நிறுத்தியாக வேண்டும். கடலோரத்தில் இதை எதிர்பார்த்தே திட்டமிடுங்கள். முடிந்தால் 3650-க்கு மேலே சேனல் கேளுங்கள். முன்னுரிமை உரிமங்கள் அதற்குக் கீழேதான்.

படி 5: சிம், சோதனை

உங்கள் கோர் நெட்வொர்க்கில் (சிம்களைச் சரிபார்த்து இணைப்புத் தரும் மையப் பகுதி) பதிந்த சிம்மை ஃபோனில் போட்டு, கிடங்கின் மூலைமுடுக்கெல்லாம் நடந்து பாருங்கள். வேலைக்கு விடும் முன் இணையக் கேபிளைப் பிடுங்கியும் பாருங்கள். எஸ்ஏஎஸ் தொடர்பு அறுந்தால், அது கொடுத்த அவகாசம் முடிந்ததும் ரேடியோ வாயை மூடிக்கொள்ளும். உற்பத்தி நின்றுவிடும் இடமென்றால், இரண்டாவது இணைய இணைப்பையும் பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள்.