முதல் சிறுகதைத் தொகுப்பைப் புத்தகமா கொண்டு வர்றது எப்படி?

பத்துப் பன்னெண்டு கதை எழுதி வச்சிருக்கீங்க, புத்தகமா போடணும்னு ஆசை, ஆனா யார்கிட்ட போறதுன்னு தெரியல, அவங்களுக்குத்தான் இது.

மொதல்ல ஃபைலை சரி பண்ணுங்க. எல்லாக் கதையும் யூனிகோடுல (எந்தக் கம்ப்யூட்டர்லயும் ஒரே மாதிரி தெரியற பொது எழுத்துமுறை), ஒரே வேர்டு ஃபைல்ல இருக்கணும். பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்சது இருந்தா கன்வெர்ட்டர்ல போட்டு மாத்திட்டு வரிக்கு வரி படிங்க, கொம்பும் காலும் அங்கங்க இடம் மாறி நிக்கும். அப்புறம் சத்தம் போட்டு ஒரு தடவை வாசிச்சுப் பாருங்க, சந்திப்பிழை பார்க்கத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்டயும் கொடுங்க. நம்ம பிழை நம்ம கண்ணுக்குப் படாது.

ரெண்டாவது, தொகுப்புக்கு முன்னாடி நாலஞ்சு கதையாவது இதழ்ல வரட்டும். சொல்வனம் மாதிரி இணைய இதழ்கள் இருக்கு, அறிவியல் புனைவுன்னா அரூ இருக்கு. எங்க வந்துச்சுன்னு சொல்ல முடிஞ்சா பதிப்பாளர் உங்க மெயிலைத் திறந்து படிக்க ஒரு காரணம் கிடைக்குது.

மூணாவது பதிப்பகம் தேடறது. ஜனவரியில பொங்கலை ஒட்டி பபாசி (பதிப்பாளர்கள், புத்தக விற்பனையாளர்களோட சங்கம்) நடத்துற சென்னை புத்தகக் காட்சிக்குப் போய் ஸ்டால் ஸ்டாலா புத்தகத்தைக் கையில எடுத்துப் பாருங்க, யாரு புது ஆளுங்களோட மொதல் புத்தகம் போடறாங்க, தாள் எப்படி, பிழை எவ்வளவுன்னு குறிச்சுக்கோங்க. ஆனா கதையை அங்கயே நீட்டாதீங்க, அவங்க விற்பனையில இருப்பாங்க. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் காட்சிக்கான புத்தக வேலைதான் ஓடும், அதனால பிப்ரவரி, மார்ச்ல அனுப்பறது நல்லது. மெயில் அஞ்சாறு வரி போதும்: நீங்க யாரு, எத்தனை கதை, மொத்தம் எத்தனை வார்த்தை, எதெல்லாம் இதழ்ல வந்தது. கூட ரெண்டு கதை.

பதில் ரெண்டு விதமா வரும். அவங்க செலவுல போட்டு ராயல்டி, அதாவது விக்கிற பிரதிக்கு உங்க பங்கு, தர்றேன்னு சொல்லலாம், பெரும்பாலும் விலையில 10% அளவுல பேசுவாங்க. இல்லைன்னா நீங்க பணம் கொடுங்கன்னு கேட்கலாம். பணம் கொடுக்கறது தப்புன்னு நான் சொல்லல, ஆனா எத்தனை பிரதி, என்ன தாள், விக்காத பிரதி யாருக்குன்னு எழுத்துல வாங்குங்க. அச்சகத்துல ஃபாரம் கணக்குதான், 16 பக்கம் ஒரு ஃபாரம், 160 பக்கப் புத்தகம்னா பத்து ஃபாரம், இந்தக் கணக்கோட டெம்மி சைஸ்ல (கதைப் புத்தகங்கள் வழக்கமா வர்ற அளவு) என்ன செலவாகும்னு ஒரு அச்சகத்துல நேரா விசாரிச்சுட்டு அப்புறம் பேசுங்க.

இனி ஒப்பந்தம். தயவுசெஞ்சு இதை நிதானமா படிங்க. என் மொதல் புத்தகத்துக்கு வாய்ப்பேச்சுதான், பேப்பர்ல ஒண்ணும் இல்ல, பிரதி தீர்ந்தப்புறம் மறுபடி அச்சடிக்கவும் இல்ல, வேற இடத்துல கொடுக்கலாமான்னு கேட்டா பதிலும் இல்ல, உரிமை யார்கிட்ட இருக்குன்னு தெரியாமலே ரெண்டு வருஷம் போச்சு. 1957 பதிப்புரிமைச் சட்டம் 19வது பிரிவு அப்பவே தெரிஞ்சிருந்தா நல்லாருந்திருக்கும். உரிமையை எழுதிக் கொடுத்தா அது எழுத்துல, உங்க கையெழுத்தோட இருந்தாத்தான் செல்லும். எத்தனை வருஷம்னு போடலைன்னா 5 வருஷம்னு சட்டம் எடுத்துக்கும், எந்தப் பகுதின்னு போடலைன்னா இந்தியா முழுக்க. வாங்கினவங்க ஒரு வருஷத்துக்குள்ள பயன்படுத்தலைன்னா உரிமை காலாவதி ஆயிடும், ஆனா ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதியிருந்தா அதுதான் நிக்கும், அதனால அந்த வரியைத் தேடிப் பாருங்க. அச்சு, மின்நூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா எல்லாம் தனித்தனி உரிமை. அச்சுக்கு மட்டும் பேசியிருந்தா "அனைத்து உரிமைகளும்"னு ஒரு வரி இருக்கக் கூடாது, அடிச்சு எழுதச் சொல்லுங்க, கேட்கறதுல கூச்சமே வேண்டாம்.

ஐஎஸ்பிஎன், அதாவது ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனியா தர்ற சர்வதேச அடையாள எண்ணை, பதிப்பகமே வாங்கிக்கும். நீங்களே போடறதா இருந்தா ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை மூலமா ஆன்லைன்ல இலவசமா கிடைக்கும், அதுக்குன்னு யாராவது தனியா காசு கேட்டா கொடுக்காதீங்க. புத்தகம் வந்து 30 நாளுக்குள்ள கல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம் உள்பட நாலு நூலகத்துக்குப் பிரதி அனுப்பணும்னு நூலகங்களுக்குப் புத்தகம் கொடுக்கறது பத்தின 1954 சட்டம் சொல்லுது, அது பதிப்பாளர் பொறுப்பு. அனுப்பிட்டாங்களான்னு ஒரு போன் போட்டுக் கேளுங்க.