எஸ்.பி. ரோட்டுக்குச் சீட்டு எழுதும் முன்: மாடுலர் சிந்தசைசர் பாகங்கள்

பெங்களூரு டவுன்ஹால் பக்கமிருந்து எஸ்.பி. ரோட்டுக்குள் நுழைந்தால், மாடுலர் சிந்தசைசரில் (தனித்தனி மாடியூல்களை வயரால் இணைத்து வாசிக்கும் மின்னிசைக் கருவி) சுரத்தை எழுப்பும் விசிஓ, அதாவது வோல்டேஜால் சுருதி மாறும் ஆசிலேட்டர், ஒன்றைக் கட்டத் தேவையான பாகங்களில் முக்கால்வாசி ஒரே மத்தியானத்தில் பைக்குள் வந்துவிடும். வம்பும் அங்கேதான். "104 பத்து கொடுங்க" என்று கேட்டால் பத்துமே 100 நானோ ஃபேரட் கெப்பாசிட்டர்தான். ஆனால் டிஸ்க்கா (செராமிக்), மைலாரா, பாக்ஸா (இரண்டும் பிளாஸ்டிக் ஃபிலிம்) என்பது கடைக்காரர் கை அந்த நேரம் எந்த டப்பாவுக்கு எட்டுகிறதோ அதைப் பொறுத்தது. அதனால் சீட்டில் மதிப்புக்குப் பக்கத்திலேயே பாகத்தின் வேலையையும் குறித்துக்கொள்ளுங்கள்: சுருதியா, ஒலியா, சப்ளையா. விலை பார்க்காமல் வாங்க வேண்டியது சுருதி வரிசை மட்டும்.

யூரோராக் என்ற மாடுலர் அமைப்பில் ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி. அப்படியென்றால் ஒரு செமிடோனுக்கு 83 மில்லிவோல்ட்தான். சுருதி வோல்டேஜ் நுழையும் 100 கே ரெசிஸ்டர் 1% தப்பினால் ஸ்தாயிக்கு 12 சென்ட் (செமிடோனில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) விலகும். ஒரே இன்புட் என்றால் டிரிம்பாட்டை (மதிப்பை மாற்றக்கூடிய சின்ன ரெசிஸ்டர்) திருகிச் சரிசெய்துவிடலாம். கீபோர்டுக்கு ஒன்று, சீக்வென்சருக்கு ஒன்று என்று இரண்டு இன்புட் வைத்தால் ஒரு டிரிம்பாட் இரண்டையும் திருத்தாது. 1% மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் இருபது வாங்கி, மீட்டரில் ஒரே எண் காட்டுகிற ஜோடியைப் பொறுக்குங்கள். 99.6 கே என்று காட்டினாலும் பரவாயில்லை, இரண்டும் 99.6 ஆக இருந்தால் போதும். கார்பன் ஃபிலிம் இந்த இடத்துக்கு ஆகாது. வெயில் ஏறினால் அதன் மதிப்பும் நகரும், நகர்வதை டிரிம்பாட்டால் பிடிக்க முடியாது.

அவுட்புட்டில் வைக்கிற 1 கே ரெசிஸ்டரும் சுருதியைக் கெடுக்கும். ஒலி வெளியேறும் ஜாக்கில் அது இருக்கட்டும், ஷார்ட்டிலிருந்து காக்கும். சுருதி வோல்டேஜ் வெளியேறும் ஜாக்கில் அப்படியே வைத்தால், எதிரே இருக்கும் 100 கே இன்புட்டோடு சேர்ந்து கிட்டத்தட்ட 1% பங்குபோட்டுவிடும். அதே 12 சென்ட்! அங்கே 1 கே-யை ஆப்-ஆம்பின் (சிக்னலைப் பெருக்கும் ஐசி) ஃபீட்பேக் வளையத்துக்குள் கொண்டுவாருங்கள்; ஃபீட்பேக்கை ஜாக் முனையிலிருந்து எடுக்க வேண்டும்.

வோல்ட்டை ஸ்தாயியாக மாற்றும் எக்ஸ்பொனென்ஷியல் கன்வெர்ட்டரில் இருக்கிற டிரான்சிஸ்டர் ஜோடிதான் விசிஓவின் உயிர்நாடி. அறை வெப்பத்தில் ஒரு ஸ்தாயிக்கு அதற்கு 18 மில்லிவோல்ட் வேண்டும். டிகிரிக்கு 0.33% வீதம் இந்த அளவு கூடும். பெங்களூருவில் மார்ச் மாதக் காலைக்கும் மத்தியானத்துக்கும் 10 டிகிரி வித்தியாசம் சர்வசாதாரணம். அதற்கே ஸ்தாயிக்கு 40 சென்ட் போய்விடும். இதை ஈடுகட்டத்தான் 3300 பிபிஎம் டெம்ப்கோ ரெசிஸ்டர், அதாவது அதே 0.33% வீதம் சூட்டோடு மதிப்பு கூடும் ரெசிஸ்டர். கடை கடையாக அலையாமல் ஆன்லைனில் வரவழையுங்கள். டிரான்சிஸ்டர் ஜோடியின் முதுகோடு ஒட்டி, நடுவில் தெர்மல் பேஸ்ட் தடவி வையுங்கள். அரை இன்ச் தள்ளி நின்றால் பாதிப் பயன்கூட இல்லை. முதல் விசிஓ என்றால் ஏஎஸ்3340 என்ற விசிஓ ஐசி நல்ல தேர்வு, வெப்ப ஈடு அந்த ஐசிக்குள்ளேயே இருக்கிறது.

ஜோடி பொறுக்குவது இப்படி. ஒரே பட்டையிலிருந்து பிசி547 டிரான்சிஸ்டர் இருபது வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் பேஸையும் கலெக்டரையும் சேர்த்து, +12-லிருந்து 100 கே வழியாக ஊட்டி, எமிட்டரை கிரவுண்டில் வையுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். ப்ரெட்போர்டின் மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்து இரண்டு நிமிடம் விட்டுவிட்டு வோல்டேஜ் பாருங்கள். விரல் பட்டால் போச்சு: ஒரு டிகிரி சூட்டுக்கு 2 மில்லிவோல்ட் இறங்கும், நீங்கள் தேடுவதோ 1 மில்லிவோல்ட்டுக்குள் ஒத்துப்போகும் ஜோடி. 2என்3904 கேட்ட சர்க்யூட்டில் பிசி547 போடலாம், ஆனால் கால் வரிசை கண்ணாடியில் பார்த்ததுபோலத் தலைகீழ். திருப்பிப் போடுங்கள்.

விசிஓவின் வேகத்தை நிர்ணயிக்கும் டைமிங் கெப்பாசிட்டர் சி0ஜி (வெப்பத்தில் மதிப்பு நகராத செராமிக்) அல்லது பாலிஸ்டைரீனாக இருக்கட்டும். மலிவான டிஸ்க் 102-ஐ (1 நானோ ஃபேரட்) போட்டால் சுருதி ஊர்ந்துகொண்டே இருக்கும். ஃபில்டரில் எக்ஸ்7ஆர் வகை செராமிக் போட்டால் ஒலியும் சிதையும். கெப்பாசிட்டரைப் பென்சில் நுனியால் தட்டும்போது ஸ்பீக்கரில் டொக்கென்று கேட்டால் தப்பான செராமிக் என்று அர்த்தம். ஒலி கடக்கும் இடத்துக்கு மைலார் போதும். ஒவ்வொரு ஐசி சப்ளைக் காலுக்கும் ஒரு 104, அது செராமிக்காகவே இருக்கலாம். பவர் நுழையும் இடத்தில் 10 மைக்ரோ 25 வோல்ட் எலக்ட்ரோலைட்டிக் இரண்டு. மைனஸ் 12 பக்கத்தில் எலக்ட்ரோலைட்டிக்கின் பிளஸ் கால் கிரவுண்டுக்குப் போக வேண்டும். பழக்க தோஷத்தில் மாற்றிப் போட்டால் சூடேறி வெடிக்கும்.

ஐசியில்தான் டூப்ளிகேட் அதிகம். டிஎல்072 என்ற ஆப்-ஆம்பைச் சோதிக்க மீட்டர் ஒன்றே போதும். 8-ஆம் காலுக்கு +12, 4-க்கு -12. 1-ஐயும் 2-ஐயும் இணையுங்கள். 3-லிருந்து கிரவுண்டுக்கு 1 மெகா ஓம். 1-ஆம் காலில் அசல் சரக்கு 10 மில்லிவோல்ட்டுக்குள் நிற்கும். 30, 100, 150 என்று காட்டினால் உள்ளே இருப்பது 4558 மாதிரி ஏதோ பைபோலார் ஐசி. மிக்சரில் அது பாடிவிடும், சாம்பிள் அண்ட் ஹோல்டில் (ஒரு வோல்டேஜைப் பிடித்துவைக்கும் சர்க்யூட்) பிடித்த சுரம் சரிந்துகொண்டே போகும். 40106 என்ற லாஜிக் ஐசி கேட்டு, "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று 74எச்சி14 கொடுத்தால் வாங்காதீர்கள். கால் வரிசை ஒன்றுதான், ஆனால் 74எச்சி14 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, 12-இல் கருகிவிடும்.

பொட்டென்ஷியோமீட்டரில் (திருகும் குமிழ்) பி என்றால் லீனியர், ஏ என்றால் லாக். கன்ட்ரோல் வோல்டேஜுக்கு பி100கே, வால்யூமுக்கு ஏ.

சப்ளையை நீங்களே கட்டினால் 15-0-15 டிரான்ஸ்ஃபார்மர், 35 வோல்ட் கெப்பாசிட்டர், 7812, 7912 ரெகுலேட்டர்கள். 25 வோல்ட் கெப்பாசிட்டர் வேண்டாம், லோடு இல்லாதபோது வோல்டேஜ் 21-ஐத் தாண்டும். 7812-இன் உலோக முதுகு கிரவுண்டு, 7912-இன் முதுகு மைனஸ் இன்புட். நடுவில் மின்காப்புக்கு மைக்கா தகடு இல்லாமல் இரண்டையும் ஒரே ஹீட்சிங்கில் முறுக்கினால் ஷார்ட். மாடியூலுக்குப் பவர் கொண்டுபோகும் ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு -12. திருப்பிச் செருகினாலும் தப்பிக்க இரண்டு லைனிலும் ஆளுக்கொரு 1என்5819 டையோடு போடுங்கள்.

முதல் முறை ஸ்விட்ச் போடும்போது சாக்கெட்டில் ஐசி இருக்கக் கூடாது. கால் காலாக அளந்த பிறகே செருகுங்கள். டிஎல்072-க்கு 4-ஆம் கால் -12. டிஎல்074-க்கு அதே 4-ஆம் கால் +12, அதற்கு -12 போவது 11-ஆம் காலுக்கு.