செமாக்காவ் தெரியும், தொட்டி தெரியாது

சிங்கப்பூரின் குப்பைநிலத் தீவான செமாக்காவ் பற்றிக் கேட்டால் என் மகள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். 1999இல் திறந்தது, எரித்த குப்பையின் சாம்பல் அங்கேதான் போகிறது, 2035 வாக்கில் நிரம்பிவிடும். அன்று மாலையே பாதி குடித்த பபுள் டீ கோப்பையை நீல நிற மறுசுழற்சித் தொட்டிக்குள் அப்படியே போட்டாள்.

பாடம் மனப்பாடமானால் பழக்கமும் வந்துவிடும் என்று நினைப்பதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. இங்கே காகிதம், பிளாஸ்டிக், உலோகம், கண்ணாடி எல்லாம் ஒரே தொட்டிக்குள் போகின்றன. அதனால் ஒரு கோப்பையில் மிச்சமிருக்கும் டீ, கீழே கிடக்கும் காகிதத்தையும் கெடுத்துவிடும். நீலத் தொட்டிகளில் சேர்வதில் சுமார் 40 விழுக்காட்டை மறுசுழற்சி செய்ய முடிவதில்லை. கறிக்குழம்பு ஒட்டிய டப்பா, டிஷ்யூ, பழைய தலையணை எல்லாம் உள்ளே வந்தால் வேறு என்ன ஆகும்? டப்பாவைத் தேய்த்துக் கழுவவும் வேண்டாம், லேசாக அலசினால் போதும். இதைப் பிள்ளையின் கையால் சிங்க்கில் செய்ய வைத்துப் பாருங்கள்.

மறுசுழற்சிப் பொருள்களைச் சேர்த்துவைக்க 2023இல் வீடுகளுக்கு இலவசமாகக் கொடுத்த புளூபாக்ஸ் பெட்டி நினைவிருக்கிறதா? எங்கள் வீட்டில் அதில் வெங்காயம் இருந்தது! குப்பையைக் கீழே தள்ளிவிடும் குழாய் சமையலறையிலேயே இருக்கும்போது, நீலத் தொட்டிக்காக லிஃப்ட் பிடித்துக் கீழே போக யாருக்கு மனம் வரும்? பெட்டியைக் காலி செய்து வாசல் பக்கம் வைத்த பிறகுதான் கொஞ்சம் மாற்றம்.

அப்புறம், வகுப்பறையைக் கூட்டுவது. 2016 முதல் எல்லாப் பள்ளிகளிலும் மாணவர்கள் தினமும் சில நிமிடம் சுத்தம் செய்கிறார்கள். “அதுக்குத்தான் ஆள் இருக்காங்களே” என்று வீட்டில் ஒரு வார்த்தை சொன்னால், அந்த நிமிடங்கள் வீண். நானும் ஒன்றும் உத்தமன் இல்லை. பெரிய பேரங்காடிகளில் 2023 ஜூலையிலிருந்து பைக்குக் குறைந்தது 5 காசு. “பை வேண்டாம்ப்பா” என்றவளிடம் “அஞ்சு காசுதானே” என்றேன். மறுவாரம் அதையே அவள் தன் தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

உருகும் பனியையும் பட்டினிக் கரடியையும் காட்டிப் பயமுறுத்துவதும் வேண்டாம். பயந்த பிள்ளை காதைப் பொத்திக்கொள்ளும். சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குக் கூட்டிப் போங்கள். சேற்றில் துள்ளும் மீன், வழியில் குறுக்கே படுத்திருக்கும் உடும்பு, செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வலசைப் பறவைகள். அனுமதி இலவசம். காலையிலேயே போய்விடுங்கள், கொசு மருந்தை மறக்காதீர்கள்.