கண்ணாடி பார்த்துத் தன் முகம் வரைதல்: 6, 7, 8ஆம் வகுப்புக்கான செய்முறை

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் “உன் முகத்தை நீயே வரை” என்று சொன்னால் பொம்மைக் கண்ணும் கூர்மூக்கும் ரோஸ் கன்னமுமாக யாரோ ஒருவர் தாளில் வந்து உட்கார்ந்துவிடுவார். பருவும் அரும்பு மீசையும் பட்டப்பெயரும் சேர்ந்து படுத்துகிற வயசு. “நீ அழகுதான்டா” என்று நாம் சொன்னால் நம்பவே மாட்டார்கள். ஆனால் தன் முகத்தையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்க்கிற வேலையைக் கொடுத்தால், என் மூக்கு சப்பை என்று முனகிக்கொண்டிருந்த பிள்ளை அது எங்கே வளைகிறது என்று தேட ஆரம்பித்துவிடுகிறது. ஓவிய வகுப்பில் நான் இதை நடத்துகிற முறையை அப்படியே எழுதுகிறேன். பென்சில் பிடிப்பது, தூரிகை கழுவுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும், அதற்குள் போகவில்லை.

வேண்டியவை: முகம் முழுதும் தெரிகிற கைக்கண்ணாடி, கார்ட்ரிட்ஜ் பேப்பர் என்கிற தடித்த ஓவியத் தாள் (ஏ4 தாள் போஸ்டர் கலர் பட்டதும் சுருண்டுவிடும், வேண்டாம்), 2ஆம் நம்பர், 6ஆம் நம்பர் உருண்டைத் தூரிகைகள், போஸ்டர் கலரில் மஞ்சள், சிவப்பு, நீலம், வெள்ளை. கறுப்பு பாட்டிலை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன். செல்பேசியில் செல்ஃபி எடுத்து அதைப் பார்த்து வரையலாமா என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். கூடாது. பல செல்பேசிகள் கேட்காமலே பருவை மறைத்து நிறத்தையும் வெளுத்துத் தருகின்றன, அதைப் பார்த்து வரைவதற்கு வரையாமலே இருக்கலாம்.

முதல் படி: தாளைப் பார்க்காமல் வரைதல். கண் கண்ணாடியில், பென்சில் தாளில், இரண்டு நிமிடம் கையை எடுக்கவே கூடாது. எல்லாருடைய படமும் கோணல்மாணலாக வரும், வகுப்பே சிரிக்கும். நன்றாக வரைகிறவன் படமும் கோணலாகத்தான் இருக்கும் என்பதால் யாருக்கும் கூச்சம் மிஞ்சாது. இந்தப் படியை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

அடுத்தது கோட்டோவியம். கண்களை நெற்றியில் கொண்டுபோய் வைப்பார்கள். உச்சந்தலைக்கும் தாடைக்கும் நடுவில்தான் கண் இருக்கிறது, பென்சிலை முகத்தருகே பிடித்து அளந்து பார்க்கச் சொன்னால் அவர்களே திருத்திக்கொள்வார்கள். இடையில் ஃப்ரீடா காலோவின் தன்னுருவப் படம் ஒன்றைக் காட்டுவேன். மெக்சிகோ ஓவியர், 1925இல் பேருந்து விபத்தில் சிக்கிப் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது கட்டிலுக்கு மேலே கண்ணாடி பொருத்தித் தன்னையே பார்த்து வரைந்தவர். ஐம்பதுக்கும் மேற்பட்ட தன்னுருவப் படங்களில் அந்தக் கூட்டுப்புருவத்தையும் உதட்டின் மேல் இருக்கும் பூனைமுடியையும் அவர் ஒளித்ததே இல்லை. எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்ப்பார்கள்.

இனி நிறம். வகுப்பு நின்றுபோகிற இடம் இதுதான். கிரேயான் பெட்டியில் இருக்கும் வெளிர் ரோஸைத்தான் பிள்ளைகள் ‘ஸ்கின் கலர்’ என்று எடுப்பார்கள், அந்த நிறத்தில் தோல் உள்ள பிள்ளை வகுப்பில் ஒருத்தர்கூட இல்லாவிட்டாலும். அமெரிக்காவில் க்ரயோலா கம்பெனி அந்த வண்ணத்துக்குத் ‘தோல்’ என்ற அர்த்தத்தில் வைத்திருந்த பெயரை 1962லேயே மாற்றிவிட்டது, 2020இல் 24 தோல் நிறங்களில் தனிப் பெட்டியும் கொண்டுவந்தது. நமக்கு அந்தப் பெட்டி தேவையில்லை, கலக்கத் தெரிந்தால் போதும்.

மஞ்சள் இரண்டு பங்கு, சிவப்பு ஒரு பங்கு, நீலம் தூரிகை நுனியில் ஒட்டுகிற அளவு. பழுப்பு வந்துவிடும். அதற்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக: அடர்த்தி வேண்டுமானால் சிவப்பும் நீலமும், வெளிர வேண்டுமானால் மஞ்சளும் துளி வெள்ளையும். வெள்ளையை அள்ளிப் போட்டால் சுண்ணாம்பு பூசிய மாதிரி ஆகிவிடும். கறுப்பைச் சேர்த்தால் மஞ்சளோடு சேர்ந்து பாசி நிறமாகவும், வெள்ளையோடு சேர்ந்து சாம்பலாகவும் திரியும், உயிர்ப்பான கறுப்புத் தோல் செத்துப்போகும். நிழலுக்கும் நீலம்தான்.

கலந்ததைத் தாள்துண்டில் தீற்றி, காயவிட்டு, பிறகு முழங்கையருகே வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் ஒப்பிட வேண்டும். ஈரத்தில் பார்க்காதீர்கள், போஸ்டர் கலர் காய்ந்ததும் வேறு நிறம் காட்டும். உள்ளங்கை ஒரு நிறம், புறங்கை ஒரு நிறம், கழுத்து வேறு என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள், “சார், நான் நாலு கலர்ல இருக்கேன்!” என்று சத்தம் போடுவார்கள். பொருந்திய துண்டின் பின்னால் பங்குகளை எழுதி, படத்தின் முதுகில் ஒட்டிவிடச் சொல்லுங்கள்.

ஒன்றே ஒன்று: அந்தத் துண்டுகளை வெளுப்பிலிருந்து கறுப்பு வரை வரிசைகட்டி சார்ட் ஒட்ட ஆசை வரும். தயவுசெய்து வேண்டாம். மறுநாளே அது வகுப்பில் ரேங்க் பட்டியலாகிவிடும். அடுத்தவர் கையில் துண்டை வைத்துப் பார்ப்பதும் கூடாது.

பிற்சேர்க்கை: முகத்தில் வெண்புள்ளியோ தீக்காயத் தழும்போ உள்ள பிள்ளை வரைய மறுத்தால் என்ன செய்வது என்று பின்னூட்டத்தில் ஒரு டீச்சர் கேட்டிருந்தார். முகம்தான் வரைய வேண்டும் என்று கட்டாயமில்லை. கண்கள் மட்டும், பின்னலோடு பின்னந்தலை, இடது கை, எதுவும் சரி. தழும்பை வரைவதா விடுவதா என்பது அந்தப் பிள்ளையின் முடிவு, “தைரியமா வரைம்மா” என்று நாம் தூண்டவும் கூடாது. மதிப்பெண் கிடையாது, சுவரில் மாட்டும் முன் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்.

இன்னொருவர், “எம்புள்ளைய ஏன் இவ்வளவு கறுப்பா வரைய வெச்சீங்க” என்று ஒரு அம்மா சண்டைக்கு வந்ததாக எழுதியிருந்தார். விளக்கம் சொல்லாதீர்கள், படத்தைத் திருப்பித் துண்டைக் காட்டி, இந்த நிறத்தை எப்படிக் கலந்தாய் என்று பிள்ளையையே சொல்லவிடுங்கள்.