கடல் தொட்டியில் குட்டி நட்சத்திர மீன்கள்: பிடுங்கி எறிவதற்கு முன் செய்ய வேண்டியவை

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வீட்டில் ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) வைத்திருக்கும் நாம் பவளத்தை வெளியூரிலிருந்துதான் வாங்கி வருகிறோம். எங்கிருந்து வாங்கினாலும், பவளம் ஒட்டியிருக்கும் வில்லையின் அடியிலோ கல்லின் பொந்திலோ சில உயிர்கள் கூடவே வந்துவிடும். அவற்றில் புதியவர்களை அதிகம் பயமுறுத்துபவை சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய, வெளுத்த நட்சத்திர மீன்கள். முதலில் கண்ணாடியில் ஒன்றிரண்டு தெரியும். அப்புறம் ஒரு நாள் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் பாறை முழுக்க இருக்கும்.

பெரும்பாலான தொட்டிகளில் இவற்றை ஒழிக்கத் தேவையில்லை. குறைக்க வேண்டுமென்றால், பிடிப்பதோடு அவற்றின் சாப்பாட்டையும் குறைக்க வேண்டும். இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. எது என்று பாருங்கள்

நடுவில் சின்னப் பொட்டு போல உடல், அதிலிருந்து மயிரிழை போல நீண்டு நெளியும் கைகள், கல் இடுக்கிலிருந்து கை மட்டும் வெளியே நீட்டியபடி இருக்கிறதா? அது குட்டி பிரிட்டில் ஸ்டார். மீந்த உணவையும் கழிவையும் தின்று தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும் நல்ல உயிர். விட்டுவிடுங்கள்.

தட்டையாக, கட்டைக் கைகளோடு, கண்ணாடியில் ஒட்டி மெதுவாக நகர்ந்தால் அது அஸ்டெரினா. கைகள் ஒரே அளவில் இருக்காது. ஒன்றுக்கு நான்கு, இன்னொன்றுக்கு ஆறு என்று கோணல்மாணலாக இருக்கும். இது நோய் இல்லை. அஸ்டெரினா தானாகவே இரண்டாகப் பிரிந்து, விடுபட்ட கைகளை வளர்த்துக்கொண்டு பெருகும். அதனால் கண்ணாடியில் வைத்து பிளேடால் வெட்டாதீர்கள். உடலின் நடுப்பகுதி ஒட்டிய துண்டு மறுபடி முழு உயிராக வளரக்கூடும்.

2. பவளத்தைத் தின்கிறதா என்று உறுதி செய்யுங்கள்

அஸ்டெரினாவின் முக்கியச் சாப்பாடு கண்ணாடியிலும் பாறையிலும் படியும் பாசிப்படலம்தான். வயிற்றை வெளியே தள்ளி, படலத்தின் மேல் வைத்து அங்கேயே செரிக்கும். கண்ணாடிக்கு வெளியே இருந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரியும். ஊதாநிற கோரலைன் பாசியில் வெளுத்த திட்டுகளை விட்டுப் போவதும் உண்டு. சில வகைகள் ஜோவாவை (பூப்போல விரியும் மென்மையான பவள வகை) தின்பதாகப் புகார் இருக்கிறது. அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஏற்கெனவே செத்துக்கொண்டிருக்கும் பவளத்தின் மேலும் இவை ஏறும். மேலே உட்கார்ந்திருப்பதாலேயே கொன்றது இதுதான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

நான் நம்பும் சோதனை இது. மூடிக்கிடக்கும் ஜோவாவை எடுத்து, ஒட்டியிருக்கும் நட்சத்திரங்களை நீக்கி, அதே தொட்டியில் தொங்கும் குஞ்சுப்பெட்டியில் (மீன் குஞ்சுகளைத் தனியாக விடும் சின்னப் பெட்டி) வையுங்கள். வெளிச்சம் முன்பு கிடைத்த அளவுக்கே இருக்கட்டும். சில நாளில் விரிந்தால் சந்தேகம் நட்சத்திரத்தின் மேல் பலப்படுகிறது. அங்கேயும் விரியவில்லை என்றால் உப்பு அளவு, ஆல்கலினிட்டி (தண்ணீரின் காரத்தன்மை), வெளிச்சம் ஆகியவற்றைப் பாருங்கள்.

3. சாப்பாட்டைக் குறையுங்கள்

இதுதான் முக்கியமான வேலை. நட்சத்திரம் பெருகியிருக்கிறது என்றால் தொட்டியில் படலம் அதிகம், படலம் அதிகம் என்றால் சத்து அதிகம். மீன்கள் ஓரிரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே போடுங்கள். உறைந்த உணவை வடிகட்டியில் அலசிவிட்டுப் போடுங்கள். வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். ஸ்கிம்மரின் (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி) கோப்பையைக் கழுவி வையுங்கள்.

அடுத்தது தண்ணீர். நம் இரண்டு மாவட்டத்திலும் ஃப்ளோரைடு பிரச்சினை எல்லோருக்கும் தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். அதனால் புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் முதலில் ஃப்ளோரைடைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். ஆனால் கடல்நீரிலேயே இயற்கையாக லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் அளவில் ஃப்ளோரைடு உண்டு. தொட்டிக்கு அதைவிடத் தொல்லை தருவது போர் தண்ணீரின் சிலிகேட். நம் ஊரில் கீழே முழுக்கக் கடினப்பாறை, தண்ணீர் அதில் ஊறித்தான் வருகிறது. சிலிகேட் இருந்தால் டயட்டம் என்ற நுண்பாசியின் பழுப்புப் படலம் படியும், அது அஸ்டெரினாவுக்கு விருந்து.

குடிக்க வைத்திருக்கும் ஆர்ஓ மெஷின் தண்ணீர் மட்டும் போதாது. பல மெஷின்கள் ருசிக்காகக் கொஞ்சம் உப்பைத் திரும்பக் கலந்து தருகின்றன. மெம்பிரேனுக்குப் பிறகு டிஐ ரெசின் (மிச்சமிருக்கும் உப்புகளை நீக்கும் வடிப்பான்) சேர்த்து, கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 0 காட்டும் தண்ணீரில்தான் கடல் உப்பைக் கரைக்க வேண்டும். ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக ஊற்றுவதும் அதே தண்ணீராக இருக்கட்டும்.

4. கையால் எடுங்கள்

விளக்கணைந்து ஒரு மணி நேரம் கழித்து சிவப்பு வெளிச்ச டார்ச்சோடு வாருங்கள். கண்ணாடியில் இருப்பதை பிளாஸ்டிக் இடுக்கியால் மெதுவாகப் பெயர்த்தெடுக்கலாம். பாறையில் இருப்பதை ஏர் டியூபால் சைஃபன் பண்ணி உறிஞ்சி வெளியே எடுங்கள். வாரம் இரண்டு முறை செய்தால் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரிந்து குறையும். எடுத்தவற்றை ஸம்ப்பில் (தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டும் தொட்டி) விடலாம், அங்கே பாசி தின்று கிடக்கும். வேண்டாதவற்றை ஏரியிலோ கடலிலோ விடாதீர்கள். ஏரியின் நன்னீரில் செத்துவிடும், கடலில் அந்நிய இனமாகப் பரவும் ஆபத்து உண்டு.

செம்பு மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம். நட்சத்திரத்தோடு இறால், நத்தை, பவளம் எல்லாம் போய்விடும்.

5. ஹார்லிக்வின் இறால்

இது நட்சத்திர மீனை மட்டுமே தின்னும் இறால். அஸ்டெரினாவை வேகமாகத் தீர்த்துவிடும். அதற்கப்புறம் பட்டினி கிடந்து சாகும். தொடர்ந்து வேறு நட்சத்திர மீன் வாங்கிப் போட வழி இருந்தாலோ, அடுத்து வைத்துக்கொள்ள ஒரு நண்பர் காத்திருந்தாலோ மட்டும் வாங்குங்கள். நீங்கள் ஆசையாக வளர்க்கும் நட்சத்திர மீனையும் அது விட்டுவைக்காது.

6. அடுத்த முறை உள்ளே விடும் முன்

ராமேஸ்வரம், தூத்துக்குடி போகும்போது கடற்கரையிலிருந்து பவளக்கல் எடுத்து வராதீர்கள். கல் பவளங்கள் 2001 முதல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. காய்ந்த செயற்கைப் பாறை போதும்.

வாங்கிய ஜோவா, காளான் பவளம் எதுவானாலும் தொட்டி நீரை ஒரு பாத்திரத்தில் எடுத்து, அயோடின் டிப்பை (பவளத்தை முக்கி எடுக்கும் மருந்து) பாட்டிலில் போட்டிருக்கும் அளவுக்குக் கலந்து முக்கி எடுங்கள். அந்த நீரைத் திரும்பத் தொட்டியில் ஊற்றக் கூடாது. டிப்புக்கும் தப்பிப்பவை உண்டு. அதனால் வில்லையின் அடியையும் தண்டையும் பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். முடிந்தால் வில்லையையே கழற்றிப் போட்டுவிட்டு, பவளத்தைப் புது வில்லையில் ஜெல் பசையால் ஒட்டி உள்ளே விடுங்கள்.